சிலிக்கோன் பிசின்கள் (மின்னணுவியல்)

சிலிக்கோன் பிசின்கள் என்பவை சிலிக்கானும் ஆக்சிசனும் மாறி மாறி இணைந்த முதுகெலும்பைக் கொண்ட, வலைப்பின்னல் அமைப்புடைய பலபடிகள் ஆகும். அதிக வெப்பத்தைத் தாங்குவதாலும், மின்காப்பு மாறிலி குறைவாக இருப்பதாலும் இவை மின்னணுக் கருவிகளில் காப்புப் பொருளாகப் பயன்படுகின்றன. சிலிக்கான் என்பது தனிமம். சிலிக்கோன் என்பது அதிலிருந்து பெறப்படும் பலபடி. இரண்டையும் ஒன்றெனக் கருதக்கூடாது.

தேவை

மின்சுற்றுப் பலகையில் குறிகை செல்லும் வேகம், சுற்றியுள்ள காப்புப் பொருளைப் பொறுத்தது. ஒளியின் வேகத்தை மின்காப்பு மாறிலியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் இவ்வேகம் கிடைக்கும். மாறிலி 4 எனில் குறிகை ஒளியின் வேகத்தில் பாதியளவிலேயே செல்லும். வழக்கமான எப்பாக்சி-கண்ணாடி இழைப் பலகையின் மாறிலி ஏறத்தாழ 4.5, சிலிக்காவுக்கு 3.9, மெத்தில் சிலிக்கோன் பிசின்களுக்கு 3-ஐ ஒட்டியது. மாறிலி குறைந்தால் அருகருகே உள்ள கம்பிகளுக்கு இடையிலான மின்தேக்குத்திறனும் குறையும்.

பண்புகளுக்குக் காரணம்

சிலிக்கான்–ஆக்சிசன் பிணைப்பு, கார்பன்–கார்பன் பிணைப்பைவிட வலிமையானது. எனவே சங்கிலி எளிதில் சிதைவதில்லை. சிலிக்கானுடன் இணைந்த மெத்தில் தொகுதிகள் மின்புலத்தில் குறைவாகவே முனைவுறுகின்றன. அணுக்கள் நெருங்கி அடைவதையும் தடுக்கின்றன. இதனால் மாறிலி சிலிக்காவைவிடக் குறைகிறது. இத்தொகுதிகள் நீரையும் விலக்குகின்றன. நீரின் மாறிலி ஏறத்தாழ 80 என்பதால், சிறிதளவு ஈரம் புகுந்தாலும் காப்பின் பண்பு கெடும். மெத்திலுக்குப் பதில் பீனைல் தொகுதியைச் சேர்த்தால் வெப்பந்தாங்கும் திறன் கூடும்.

தயாரிப்பும் வரலாறும்

குளோரோசிலேன்களை நீருடன் வினைபுரியச் செய்து, கிடைப்பதைச் சூடாக்கி இறுகச் செய்வர். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஆய்வு செய்த பிரெடரிக் கிப்பிங், தமக்குக் கிடைத்த பசைகளுக்குப் பயன் இருக்கும் எனக் கருதவில்லை. 1940-இல் அமெரிக்காவின் யூஜின் ரோக்கோ, செம்பு வினையூக்கியுடன் சிலிக்கானையும் மெத்தில் குளோரைடையும் நேரடியாக இணைக்கும் முறையைக் கண்டறிந்தார். தொழில்முறை உற்பத்திக்கு அதுவே வழி திறந்தது. 180 பாகை செல்சியசு தாங்கும் 'எச்' வகை மின்மோட்டார் காப்புகளில் சிலிக்கோன் பிசின் இடம்பெற்றது.

தமிழ்நாட்டில்

சேலம் மாவட்டம் மேட்டூரில் இதற்கு நெருங்கிய வேதியியல் நடைபெற்றது. அங்கு உப்பை மின்னாற்பகுத்துக் குளோரின் தயாரிக்கும் தொழில் ஏற்கெனவே இருந்தது. 1980-களில் மெட்கெம் சிலிக்கான் நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்துடன் அங்கு பாலிசிலிக்கான் தயாரித்தது. அது பலபடி அன்று; தூய தனிமம். ஆயினும் இரண்டுக்கும் இடைப்பொருள் குளோரோசிலேன்களே.

குறைபாடுகள்

இறுகிய பிசின் எளிதில் நொறுங்கும். செம்புத் தகட்டுடன் ஒட்டும் திறனும் குறைவு. காற்றின் மாறிலி 1 என்பதால், பிசினுக்குள் நுண்துளைகளை உருவாக்கி மாறிலியை மேலும் குறைக்கலாம். ஆனால் துளைகள் கூடக் கூட வலிமை குறையும். சிலிக்கோன் அலகுடன் பென்சோசைக்ளோபியூட்டீனை இணைத்த பிசினின் மாறிலி 2.65 ஆகும். வெப்பம், வலிமை, குறைந்த மாறிலி ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் பெறுவதே இத்துறை ஆய்வுகளின் நோக்கம்.