பெயின்ட் வாளியில் ஒரு குண்டுமல்லி

மதுரை திருநகரில் இருந்த அம்மாச்சி வீட்டைப் போன மாசியில் விற்றோம். வாங்கியவர் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டப் போகிறார். சாவி கொடுக்க நாற்பது நாள் இருந்தது. பீரோ, ஆட்டுக்கல், ஊஞ்சல் பலகை எல்லாத்துக்கும் ஆள் இருந்தது. கிணற்றடிச் சுவரை ஒட்டி நின்ற குண்டுமல்லிக்கு மட்டும் யாரும் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட செடி. வேர் சுவருக்கு அடியில் போய்விட்டதால் பெயர்த்தெடுக்கவும் வழியில்லை. "நாலு குச்சி ஒடிச்சிட்டுப் போப்பா, தன்னால வரும்" என்றார் பெரியம்மா.

வரவில்லை. பத்துக் குச்சிகளைச் சென்னைக்குக் கொண்டுவந்து தொட்டி மண்ணில் ஊன்றி, தினமும் தண்ணீர் விட்டேன். மூன்று வாரம் இலை பச்சையாகவே இருந்தது, நானும் நம்பிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் சந்தேகப்பட்டு ஒன்றை இழுத்துப் பார்த்தால் அடி கறுத்து, நசநசவென்று கையோடு வந்தது. மீதி ஒன்பதும் அப்படியே.

செடி செத்ததைவிட, அது செத்தது மூன்று வாரம் எனக்குத் தெரியாமல் போனதுதான் பெரிய அடி. இன்னும் ஒரு தடவைதான் மதுரை போய்க் குச்சி வெட்ட முடியும். மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமல் இன்னொரு மூன்று வாரம் காத்திருக்க மனசில்லை. தண்ணீரில் வேர்விட வைக்கும் முறையைத் தேடிப் போனதற்குக் காரணம் இதுதான். மண்ணில்லா விவசாயம், மொட்டைமாடிப் புரட்சி என்ற எண்ணமெல்லாம் கிடையாது.

தோட்டம் வைத்திருப்பவர்கள் உடனே கேட்பீர்கள், பதியம் போட்டிருக்கலாமே என்று. போட்டிருக்கலாம். மல்லிக்கு அதுதான் நம்பகமான வழி. ஆனால் பதியம் வேர்விட இரண்டு மூன்று மாதமாவது ஆகும், அதுவரை தாய்ச்செடி நிற்க வேண்டும். எங்களுக்கு அந்த அவகாசம் இல்லை.

குச்சியை வெட்டியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். நுனி மொட்டிலும் இளம் இலைகளிலும் உருவாகும் ஆக்ஸின் என்ற ஹார்மோன் தண்டு வழியாகக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். கீழே வெட்டிவிட்டால் அது போக இடமில்லாமல் வெட்டுவாயில் தேங்குகிறது. அங்கேயும், அதற்குச் சற்று மேலே கணுவிலும் உள்ள செல்கள் பிரிந்து பெருகி வேராக உருமாறுகின்றன. பள்ளிப் பாடத்தில் வேற்றிட வேர் என்று படித்தோமே, அதுதான். கடையில் விற்கும் வேரூக்கிப் பொடியில் இருப்பதும் ஆக்ஸின் வகைதான், பெரும்பாலும் ஐ.பி.ஏ.

செல் பிரிவதற்கு ஆற்றல் வேண்டும், ஆற்றலுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். என் தொட்டி மண் களிமண். தினமும் ஊற்றிய தண்ணீர் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் அடைத்துவிட்டது. மூச்சு முட்டிய திசுவில் பூஞ்சை ஏறிவிட்டது. அப்படியானால் முழுக்கத் தண்ணீரிலேயே வைத்தால் இன்னும் மோசமாகத்தானே ஆகும்? ஆகும், தண்ணீர் அசையாமல் நின்றால். ஒரு லிட்டர் காற்றில் ஆக்ஸிஜன் 270 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில், 20 டிகிரி வெப்பத்தில், அதிகபட்சம் 9 மில்லிகிராம்தான் கரையும். 33 டிகிரியில் அதுவும் 7-ஐ ஒட்டி இறங்கிவிடும். பங்குனி மாதச் சென்னைப் பால்கனியில் வாளித் தண்ணீரின் வெப்பம் ஏறக்குறைய அதுதான். அதோடு, தண்ணீருக்குள் ஆக்ஸிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தண்டின் அடியில் இருப்பதைத் தண்டு உறிஞ்சிவிட்டால், பக்கத்திலிருந்து புதுசு வந்து சேர நேரம் எடுக்கும். மணிபிளான்டும் கற்பூரவல்லியும் பாட்டில் தண்ணீரிலேயே வேர்விடுவது அவற்றின் தாராள குணம். மல்லியிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

தண்ணீரில் செடி வளர்ப்பது ஒன்றும் புதுசில்லை. ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் 1699-லேயே புதினா வகைச் செடிகளை மழைத்தண்ணீர், தேம்ஸ் ஆற்றுத் தண்ணீர், மண் கரைத்த தண்ணீர் என்று தனித்தனியாக வளர்த்துப் பார்த்து, கலங்கல் தண்ணீரில்தான் செடி நன்றாக வளர்கிறது என்று எழுதினார். செடிக்கு உணவு வெறும் தண்ணீர் அல்ல, அதில் கரைந்திருக்கும் பொருள்தான் என்பதற்கு அது ஆரம்பம். 1860-களில் ஜெர்மனியில் சாக்ஸும் நாப்பும் எந்தெந்த உப்பு வேண்டும் என்று ஒரு பட்டியலுக்கே வந்துவிட்டார்கள். நம் நாட்டில் 1940-களின் பிற்பாதியில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் அன்றைய டார்ஜீலிங் மாவட்டத்துக் கலிம்போங்கில், ஜல்லியும் மணலும் நிரப்பிய மலிவான தொட்டிகளில் உப்பு உரம் கொடுத்துக் காய்கறி வளர்த்தார். மின்சாரமும் பம்பும் இல்லாத சாதாரண வீட்டுக்காக யோசித்த முறை அது. இன்றைய லட்ச ரூபாய் பி.வி.சி. பைப் செட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவு வரும்.

என் செட்டுக்கு ஐநூறு ரூபாய்கூட ஆகவில்லை. இருபது லிட்டர் பெயின்ட் வாளி, மூடியோடு, வீட்டில் சும்மா கிடந்தது. மீன் தொட்டிக் கடையில் சின்ன ஏர் பம்ப், இரண்டு மீட்டர் டியூப், இரண்டு ஏர் ஸ்டோன், ஒரு நான் ரிட்டர்ன் வால்வ். கடைசியாகச் சொன்னதை நான் முதலில் வாங்கவில்லை, முப்பது ரூபாய் மிச்சம் என்று. பம்பைத் தரையில் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் கரன்ட் போனபோது, காற்று நின்றதும் வாளித் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கிப் பம்புக்குள் புகுந்துவிட்டது. பம்ப் காலி. வால்வ் போடுங்கள், இல்லாவிட்டால் பம்பை வாளியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டுங்கள். இரண்டும் செய்தால் இன்னும் நல்லது.

மூடியில் சால்டரிங் அயர்னால் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பன்னிரண்டு ஓட்டை. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. பழைய யோகா மேட்டை ஓட்டையைவிடச் சற்றுப் பெரிய வட்டங்களாக வெட்டி, நடுவரை ஒரு கீறல் போட்டால் குச்சியைக் கவ்விப் பிடிக்கும் கழுத்து தயார். வாளிக்கு வெளியே கறுப்புத் துணி சுற்றினேன். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும்.

தண்ணீர் மட்டத்தைத்தான் கவனமாக வைக்க வேண்டும். குச்சியின் அடி தண்ணீரில் முங்கக் கூடாது. அடிக்கு ஓர் அங்குலம் கீழே தண்ணீர் நிற்க வேண்டும். கீழேயிருந்து வரும் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது சின்னச் சின்னத் துளிகள் தெறிக்கும். அந்தத் தெறிப்பிலேயே அடி எப்போதும் ஈரமாக இருக்கும், சுற்றிலும் காற்றும் இருக்கும். கையை உள்ளே விட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் புறங்கை முழுக்கப் பொடித்துளி படிய வேண்டும். படியவில்லை என்றால் மட்டத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கரன்ட் போனாலும் மூடிய வாளிக்குள் ஈரக்காற்று இருப்பதால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கியது.

எந்தத் தண்ணீர் என்பது சென்னைக்காரர்களுக்குப் பெரிய கேள்வி. எங்கள் போர் தண்ணீர் டி.டி.எஸ். மீட்டரில் 900-க்கு மேல் காட்டும். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத்தண்ணீர் அதைவிட உப்பு, அதை வாளியில் ஊற்றுவது செடியை ஊறுகாய் போடுவதுதான். நான் ஆர்.ஓ. தண்ணீரும் கார்ப்பரேஷன் தண்ணீரும் பாதிப்பாதி கலந்தேன். கார்ப்பரேஷன் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரினைப் போகவிட்ட பிறகு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு கிட்டத்தட்ட இருக்காது, அவசரத்துக்கு ஆகும்.

உரம்? வேர் வரும்வரை எதுவும் வேண்டாம். வேரில்லாத குச்சி உரத்தை வாங்கிக்கொள்ளாது, பாசியும் பூஞ்சையும்தான் கொழுக்கும். வேர் இரண்டு சென்டிமீட்டர் ஆனதும் ஹைட்ரோபோனிக் ஏ, பி கரைசலை லேபிளில் சொன்னதில் கால் பங்கு போட்டேன். ஏன் இரண்டு பாட்டில் என்று கேட்டுக்கொண்டு, காசை மிச்சம் பிடிக்க நானே கால்சியம் நைட்ரேட்டையும் எப்சம் உப்பையும் ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கரைத்துப் பார்த்தேன். மறுநாள் அடியில் வெள்ளையாக வண்டல். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாகப் படிந்துவிட்டது. நிறையத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கலந்தால் இந்தப் பிரச்சினை வராது. உரக்கடையில் எளிதாகக் கிடைக்கும் 19:19:19 போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அதில் கால்சியம் இல்லை. தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியாவாக இருக்கிறது. மண்ணில் யூரியாவை உடைத்துத் தர நுண்ணுயிர்கள் நிறைய உண்டு, சுத்தமான வாளியில் அவ்வளவு இல்லை. அதனால் வேண்டாம் என்றேன்.

இரண்டாவது தடவை மதுரை போய் இருபத்துநாலு குச்சி வெட்டினேன். பென்சிலைவிட மெலிதாக, பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய தண்டு, மூன்று கணு. ஈரத்துண்டில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, ராத்திரி ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பூக்கிற பருவம் என்பதால் எல்லாவற்றிலும் மொட்டு. அவ்வளவையும் கிள்ளிப்போட மனசு வலித்தது, ஆனால் மொட்டு இருந்தால் சேமித்த மாவுச்சத்தெல்லாம் அதற்கே போய்விடும். மேல் இரண்டு இலையை மட்டும் பாதியாக வெட்டி விட்டுவிட்டு, அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே புதிதாக ஒரு வெட்டு கொடுத்து, ஐ.பி.ஏ. பொடியில் தொட்டேன். பன்னிரண்டு வாளியில், ஆறு சாதா பாட்டில் தண்ணீரில், ஆறு ஆற்றுமணலில். இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன், எண்ணிக்கை போதாது. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கப் பயம், அவ்வளவுதான்.

வெயில்தான் எதிரி. தண்ணீர் 33 டிகிரியைத் தொட்ட அன்று வாளியைச் சுற்றி ஈரச்சாக்கைக் கட்டினேன். மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கும் அதே கணக்கு. நாலு டிகிரி இறங்கியது. பம்பையும் வீட்டுக்குள் நகர்த்தினேன், அனல் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் விடாமல் இருக்க.

எட்டாம் நாள் தண்டில் வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகப் புடைப்பு. வேர் வந்துவிட்டது என்று பெரியம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லியே விட்டேன். அது வேரில்லை. ஈரம் அதிகமானால் தண்டின் சுவாசத்துளைகள் இப்படி வீங்கும். நிஜ வேர் பத்தொன்பதாம் நாள் தெரிந்தது, அடிக்கணுவில், சேமியா நுனி மாதிரி. அதற்குள் வீட்டைக் கொடுத்துவிட்டோம். கிணற்றடிச் சுவரும் செடியும் போய்விட்டன.

ஐந்து வார முடிவில் வாளியில் பன்னிரண்டுக்கு ஏழு, மணலில் ஆறுக்கு இரண்டு, பாட்டிலில் ஒன்று. இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் இரண்டாவது அடி. நீளமாக வளரட்டும் என்று விட்டு, விரல் நீள வேரோடு மூன்றை மண்ணுக்கு மாற்றினேன், மூன்றும் ஒரு வாரத்தில் வாடிச் செத்தன. தண்ணீரில் வளர்ந்த வேர் கண்ணாடி மாதிரி, மண்ணை அழுத்தினால் உடையும். வேர்த்தூவிகளும் குறைவு. அதனால் மற்ற நாலையும் வேறு மாதிரி செய்தேன். தேங்காய்நார்த் தூளும் மணலும் கலந்து நனைத்து, குழியில் வேரை வைத்து, கையால் அழுத்தாமல் தண்ணீர் ஊற்றியே கலவையை இறக்கினேன். மேலே பாலிதீன் பையைக் கவிழ்த்து, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பையின் வாயைத் திறந்தேன். நாலில் மூன்று நின்றுவிட்டது. மீண்டும் செய்தால் வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆனவுடனே மாற்றிவிடுவேன்.

கொசு பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. நிற்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். டியூப் நுழையும் ஓட்டை, குச்சி இல்லாத காலி ஓட்டை எல்லாவற்றையும் மேட் துண்டால் அடைத்துவிடுங்கள். தண்ணீரை வாரம் ஒரு முறை முழுசாகக் கொட்டி மாற்றுங்கள். கார்ப்பரேஷனிலிருந்து பார்க்க வந்த அம்மா என் வாளியைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "புழு இல்ல தம்பி, ஆனா இது எதுக்கு?" என்று கேட்டார். விளக்கிச் சொன்னதில் ஒரு குச்சி கேட்டிருக்கிறார்.

வாளியில் இப்போது புதினா ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு இத்தனை கவனம்கூட வேண்டாம். மணலில் வந்த இரண்டையும் சேர்த்து மொத்தம் ஐந்து மல்லி. இரண்டு பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கின்றன, ஒன்று தம்பி வீட்டில், இரண்டு என் பால்கனியில். இன்னும் ஒன்றிலும் பூ வரவில்லை. கார்த்திகை முடிவில் லேசாகக் கவாத்து பண்ணிவிட்டு, மாசியில் பார்க்க வேண்டும்.