வடசென்னை வாரியக் குடியிருப்புகளும் மாமன்றத்தின் இடமும்: திருவொற்றியூர் அரிவாக்குளத்தை முன்வைத்து

முன்னுரை

ஏழை மக்களுக்கான குடியிருப்பு எங்கே, எத்தனை மாடிகளில், யாருக்காகக் கட்டப்பட வேண்டும் என்பதை மாநகராட்சி மாமன்றமே முடிவு செய்வதாகப் பொதுவாக எண்ணப்படுகிறது. சென்னையில் அம்முடிவு மாமன்றத்திற்கு வெளியே உருவாகிறது. துறைமுகத்தையும் மீன்பிடித் தொழிலையும் ஆலைகளையும் நம்பி வாழும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் இதன் விளைவு அன்றாட வாழ்வையே தொடுகிறது. 2021இல் திருவொற்றியூரில் நிகழ்ந்த கட்டட இடிவை முன்வைத்து இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

அதிகாரம் இருக்குமிடம்

குடிசை மாற்று வாரியம் 1970இல் தோற்றுவிக்கப்பட்டது. அதற்குச் சட்ட அடிப்படை தந்தது 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம். 2021இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. இச்சட்டத்தின்கீழ்ச் சென்னையில் 1971இல் 1,202 குடிசைப் பகுதிகளும் 1985இல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. அதன்பின் பட்டியல் நீளவில்லை. பட்டியலில் இடம்பெறாத குடியிருப்புகளுக்கு இச்சட்டம் தரும் பாதுகாப்பும் எட்டவில்லை.

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொருள்களை வகுத்தது. நகரத் திட்டமிடலும் குடிசைப் பகுதி மேம்பாடும் அவற்றுள் அடங்கும். ஆயினும் இப்பொறுப்புகளை மாநிலச் சட்டமன்றம் நகராட்சிகளுக்கு ‘வழங்கலாம்’ என்றே திருத்தம் கூறுகிறது. ‘வழங்க வேண்டும்’ எனக் கூறவில்லை. அந்த ஒரு விகுதியின் பொருளைச் சென்னையில் கண்கூடாகக் காணலாம். வீடு கட்டுவது வாரியம். திட்ட அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமத்துடையது. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மாநகராட்சிக்கு எஞ்சுபவை குப்பை அகற்றலும் தெருவிளக்கும் சாலையும் போன்றவை. எனவே ஒரு குடியிருப்பு மாமன்றத்தின் பேச்சுக்கு வரும்போது முன்மொழிவாக வருவதில்லை. கட்டி முடித்த வீட்டைப் பற்றிய முறையீடாகவே வருகிறது.

அரிவாக்குளம்

திருவொற்றியூர் கிராமத் தெருவை அடுத்த அரிவாக்குளத்தில் 1990களின் தொடக்கத்தில் 336 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்பு எழுந்தது. 2021 டிசம்பர் 27 அன்று அதில் 24 வீடுகள் கொண்ட ஒரு தொகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்னதாகவே வெளியேறியிருந்தமையால் உயிரிழப்பு நேரவில்லை. கட்டி முப்பது ஆண்டுகள்கூட நிறையாத கட்டடம் அது. பாதிக்கப்பட்ட குடும்பத்திற்கு ரூ.1 லட்சம் உதவித்தொகையை முதலமைச்சர் அறிவித்தார்.

அந்நாளில் சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை என்பது போதிய கவனம் பெறவில்லை. முந்தைய மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது; அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடைபெற்றது. கூரைப்பூச்சு உதிர்வதையும் தூண் வெடிப்பதையும் எடுத்துச் சொல்ல ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் திருவொற்றியூர் மண்டலத்தின் 14 வார்டுகளில் ஓர் உறுப்பினரும் இல்லை. உறுப்பினர் இருந்திருந்தால் கட்டடம் நின்றிருக்கும் என்பது இதன் பொருளன்று. முறையீடு பதிவாகும் இடமொன்று இருந்திருக்கும், அவ்வளவே.

மறுகட்டுமானம் எழுப்பும் வினாக்கள்

பழைய குடியிருப்பை இடித்து அதே இடத்தில் கட்டுவது, கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு மக்களைப் பெயர்ப்பதினும் மேலானது என்பதில் ஐயமில்லை. காசிமேட்டில் விடியுமுன் ஏலத்திற்குச் செல்லும் மீன் விற்கும் பெண்ணுக்கு நகரின் தென்கோடியில் தரப்படும் வீடு தொழிலிழப்பேயாகும். எனினும் அதே இடத்தில் கட்டும்போதும் பேசித் தீர்க்க வேண்டியவை பல.

முதலாவது, இடைக்கால வாடகை. வீட்டைக் காலி செய்யும் குடும்பத்திற்கு முன்னர் ரூ.8,000 வழங்கப்பட்டது, பின்னர் அது ரூ.24,000 ஆக உயர்த்தப்பட்டது. கட்டுமானம் 18 மாதங்களில் முடிவதாகக் கொண்டாலும் மாதத்திற்கு ரூ.1,333தான் வருகிறது. அத்தொகைக்கு வடசென்னையில் ஓர் அறைகூடக் கிடைப்பது அரிது. இரண்டாவது, பயனாளிப் பங்குத்தொகை. புளியந்தோப்பு கே.பி. பூங்காக் குடியிருப்பில் ரூ.1.5 லட்சம் கேட்கப்பட்டபோது மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அத்தொகையைக் கட்டடம் எழுவதற்கு முன்பே பேசியிருக்கலாம். மூன்றாவது, உயரம். வலையும் படகு இயந்திரமும் வைக்க மீனவர்க்குத் தரைத்தளத்தில் இடம் வேண்டும்; மாடி உயர உயரத் தலா கிடைக்கும் தரையிடம் சுருங்குகிறது. இது பொறியாளரின் வரைபடத்தில் தானாக இடம்பெறும் செய்தியன்று. குடியிருப்போர் சொன்னால்தான் தெரியும்.

‘கேட்டல்’ என்னும் தமிழ்ச்சொல் வினவுதலையும் செவிமடுத்தலையும் ஒருங்கே குறிக்கும். கருத்துக் கேட்புக் கூட்டங்களில் முதற்பொருள் நிறைவேறுகிறது. இரண்டாவதற்குச் சட்டப் பிடிமானம் தேவைப்படுகிறது.

அத்தகைய பிடிமானத்திற்கான வழிகள் அண்மையில் தோன்றியுள்ளன. 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முதலாக நடத்தப்பட்டன. ஊராட்சிகளின் கிராம சபைக்கு நிகரான இவ்வமைப்பில், ஒரு வாரியக் குடியிருப்பின் வரைபடமும் பங்குத்தொகையும் கட்டுமானத்திற்கு முன்பே வைக்கப்படுவதற்குத் தடையேதும் இருப்பதாகத் தோன்றவில்லை. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், பழைய கட்டடத்தை மறுபடி கட்ட உரிமையாளர்களுள் மூன்றில் இரு பங்கினரின் இசைவு போதும் என்கிறது. அதாவது, அந்த அளவேனும் இசைவு வேண்டும் என்கிறது. குடிசைப் பகுதிச் சட்டத்தில் இதற்கு நிகரான வரம்பு இல்லை. வாரிய வீட்டுக்கு மாதத் தவணை செலுத்தி வந்தும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராத குடும்பம் அந்த மூன்றில் இரு பங்கினுள் எண்ணப்படுமா என்பது திருவொற்றியூரின் பகுதி சபைகள் வாரியத்திடம் எழுத்து வடிவில் விடை பெறவேண்டிய முதல் வினாவாகும்.