உத்தரவாதம் முடிந்தபின் மடிக்கணினியின் திரை அணைந்தால்

புனே நகரின் வடபகுதியில், ஆளந்தி சாலையை ஒட்டி விஷ்ராந்த்வாடி அமைந்துள்ளது. அங்கே வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஒரே ஒரு மடிக்கணினி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தந்தையின் அலுவலகப் பணியும் மகளின் கல்லூரிப் பாடங்களும் வீட்டின் வங்கிக் கணக்கும் அதனுள்ளேதான். வாங்கி ஓராண்டும் சில வாரங்களும் கடந்த நிலையில், ஒரு காலையில் விசையை அழுத்தினால் விளக்கு எரிகிறது; விசிறி சுழலும் ஓசை கேட்கிறது; திரை மட்டும் கறுத்துக் கிடக்கிறது. சேவை மையத்தை அணுகினால், "வாரண்டி முடிந்துவிட்டது, திரை முழுவதையும் மாற்ற வேண்டும்" என்ற விடை வருகிறது. கேட்கும் தொகையோ மாத வருமானத்தில் கணிசமான பங்கு. அதற்கு இசைவதற்கு முன்னர் நாம் அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன.

"திரை போய்விட்டது" என்பது பல வேறு பழுதுகளுக்கு வழங்கும் பொதுப்பெயர். காட்சிப் பலகை உடைந்திருக்கலாம். அதன் பின்னே ஒளி தரும் சிறு விளக்குகள் அணைந்திருக்கலாம். மூடியின் கீல் வழியாகச் செல்லும் மெல்லிய இணைப்புக் கம்பி தேய்ந்திருக்கலாம். அல்லது மதர்போர்டில் உள்ள வரைகலைப் பகுதியே செயலிழந்திருக்கலாம். இவற்றுள் கம்பியை மாற்றும் செலவு மிகச் சிறியது. மதர்போர்டின் செலவு மிகப் பெரியது. ஆதலால் எந்த உறுப்பு பழுது என்று தெரியாமல் விலை பேசுவது, நோய் அறியாமல் மருந்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

முதற்கட்டச் சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். மின்னூட்டியைக் கழற்றிவிட்டு, விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பின்னர் மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். பயனில்லையெனில் வீட்டுத் தொலைக்காட்சியுடன் எச்டிஎம்ஐ கம்பியால் இணைக்கலாம். விண்டோஸ் கணினியாயின் விண்டோஸ் விசையுடன் 'பி' விசையை அழுத்தினால் காட்சியை வெளித்திரைக்கு மாற்றும் வசதி வரும். தொலைக்காட்சியில் படம் தெளிவாகத் தெரிந்தால் மதர்போர்டு பெரும்பாலும் நலமே. அடுத்து, இருட்டில் கைபேசி விளக்கை மடிக்கணினித் திரையின்மீது சாய்த்துப் பிடிக்க வேண்டும். மங்கலாகவேனும் எழுத்துகள் தெரிந்தால் குறை பின்னொளியில் உள்ளது. மூடியை மெல்ல அசைக்கும்போது படம் வந்து வந்து மறைந்தால் ஐயம் கம்பியின்மீது விழும். திரையில் கோடுகள் தெரிகின்றன என்றால் திரைப்படிவம் ஒன்றை எடுத்துக் கைபேசிக்கு அனுப்பிப் பார்க்கலாம். படிவத்தில் கோடுகள் இல்லையேல் மென்பொருளைக் குறை கூற இடமில்லை. டெல் மடிக்கணினிகள் பலவற்றில் 'டி' விசையை அழுத்தியவாறே இயக்கினால், திரை ஒவ்வொரு நிறமாகத் தன்னைத் தானே சோதித்துக் காட்டும்.

உத்தரவாதக் காலம் முடிந்ததும் நிறுவனத்தின் பொறுப்பு அனைத்தும் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு ஆப்பிள் நிறுவனத்தின் 13 அங்குல மேக்புக் புரோ நல்ல சான்று. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த அம்மாதிரியில் திரைக்குச் செல்லும் மெல்லிய கம்பி, மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இழுபட்டுத் தேய்ந்தது. முதலில் திரையின் அடிப்பகுதியில் நாடக மேடை விளக்குகளைப் போன்ற ஒளித் திட்டுகள் தோன்றும். பின்னர் பின்னொளி முழுதும் அணையும். கம்பி திரையோடு ஒன்றாகப் பொருத்தப்பட்டிருந்தமையால், சிறு கம்பிக்காகத் திரை முழுவதையும் மாற்ற நேர்ந்தது. பழுதுபார்ப்பு வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் 2019 ஜனவரியில் இதனை விளக்கியது. அதே ஆண்டு மே மாதம் ஆப்பிள் இலவசத் திரைமாற்றுத் திட்டத்தை அறிவித்தது; முன்னரே பணம் செலுத்திப் பழுதுபார்த்தவர்கள் அத்தொகையைத் திரும்பக் கோரவும் வழி செய்தது. ரசீதைப் பாதுகாத்தவர்களுக்கு அது எளிதாயிற்று என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே, தம் கணினியின் மாதிரி எண்ணுக்கு இத்தகைய திட்டம் ஏதேனும் உள்ளதா என நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் முதலில் தேடுவது நலம்.

அதிகாரபூர்வ இணையதளம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேடுபொறியில் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்களில் போலிகள் கலந்திருக்கின்றன. மறுமுனையில் பேசுபவர் கைபேசியில் ஒரு செயலியை நிறுவச் சொன்னாலோ, பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்டாலோ அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். பணம் இழந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தாமே கடவுச்சொல் போன்ற விவரங்களைப் பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பு, வங்கிக்கு அறிவிக்கும் வரை அவரையே சாரும். அறிவித்தபின் நேரும் இழப்பை வங்கி ஏற்கும். எனவே இங்கே ஒவ்வொரு நிமிடமும் பணம்தான்.

பழுதுபார்ப்பவரிடம் கணினியை ஒப்படைக்கும்போது நம் கணக்கும் உடன் செல்கிறது. வெளித்திரை வேலை செய்யுமாயின், கோப்புகளைத் தனியே படியெடுத்து, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கி, எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறிய பின்னரே கொடுக்க வேண்டும். எதுவும் தெரியாத நிலையாயின், மின்னஞ்சல், இணைய வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களைக் கைபேசி வழியே மாற்றிவிடலாம். திரையை மாற்றுவதற்குக் கணினியின் கடவுச்சொல் தேவையில்லை. நுழைவுத் திரை வரையில் படம் வந்தாலே சோதனை போதும். கேட்டாலும் தர வேண்டியதில்லை.

புனேயில் புத்வார் பேட்டையை ஒட்டிய தப்கீர் கல்லியின் மின்னணுக் கடைகளுக்குச் சென்றாலும், வீட்டருகே உள்ள கடைக்குச் சென்றாலும், மாற்றும் உறுப்பின் எண், விலை, அதற்கான உத்தரவாதக் காலம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். பழைய உறுப்பைத் திரும்பக் கேட்டுப் பெறுவதும் நன்று. மாற்றினார்களா என்ற ஐயத்துக்கு அதுவே விடை. "ரசீது வேண்டாமென்றால் விலை குறையும்" என்ற சலுகையை ஏற்பது உகந்ததன்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ரசீது தராமையை முறையற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது. உற்பத்தியாளர்களின் சேவை விவரங்களை ஒரே இடத்தில் காண, 2022 டிசம்பர் 24 அன்று மத்திய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளமும் உதவும்.

கடன் வழங்கும் வங்கியின் இதழில் இவ்வாறு எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் புதுக் கணினிக்கென்று அவசரமாகக் கடன் வாங்க வேண்டியதில்லை. மேசையில் வைத்தே பயன்படுத்தும் கணினிக்கு வெளித்திரை ஒன்றே பல ஆண்டுகள் போதுமானது. அத்திரை பின்னாளில் வாங்கும் புதுக் கணினிக்கும் பயன்படும்.

பழுது உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே தலைகாட்டி, அப்போதே புகார் அளித்திருந்தால் நிலைமை வேறு. அந்தப் பணிச்சீட்டே வலுவான சான்று. முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் முறையிட்டு, பின்னர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். தமிழிலும் பேச வசதி உண்டு. அதிலும் தீரவில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். கணினியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், விஷ்ராந்த்வாடியில் வசிப்பவர் புனே மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது.