விடை வேண்டாம், போதுமா சொல்லுங்கள்!

கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இது விடையே கண்டுபிடிக்க வேண்டாத கணக்கு.

பம்மலிலும் தாம்பரத்திலும் எத்தனையோ வீடுகளில் பெண்ணோ பிள்ளையோ போட்டிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். ஐ.ஏ.எஸ். முதல்நிலைப் பரீட்சையில் 2011-ல் புகுந்த இரண்டாவது தாளில் 'தரவுப் போதுமை' என்று ஒரு பகுதி உண்டு. பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் அந்தத் தாளில் 200-க்கு 66 வாங்காவிட்டால், முதல் தாளில் எத்தனை கெட்டிக்காரத்தனம் காட்டியும் பிரயோஜனமில்லை!

ஒன்று போட்டுப் பார்ப்போமா? அக்கா, தங்கை இருவர். கையிருப்பு என்றால் கூட்டல் எண்; கடன் என்றால் கழித்தல் எண். அக்காவின் தொகை தங்கையின் தொகையைவிடப் பெரியதா? இதுதான் கேள்வி.

குறிப்பு 1: அக்காவின் தொகையின் வர்க்கம், தங்கையின் தொகையின் வர்க்கத்தைவிடப் பெரியது.

குறிப்பு 2: அக்காவிடம் கையிருப்பு உண்டு, கடன் இல்லை.

முதல் குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் 3 ரூபாய், தங்கையிடம் 2 ரூபாய். வர்க்கங்கள் 9, 4. பதில் 'ஆம்'. அக்காவுக்கு 3 ரூபாய் கடன் என்றால்? அப்போதும் வர்க்கம் 9தான், பதிலோ 'இல்லை'! ஒரே குறிப்புக்கு இரண்டு பதில் வந்தால் அது போதாது.

இரண்டாவது குறிப்பில் தங்கையைப் பற்றிப் பேச்சே இல்லை. அதுவும் போதாது.

இரண்டையும் சேர்த்தால்? அக்காவுக்குக் கடன் கிடையாது. தொகையின் அளவும் பெரியது. தங்கையிடம் பணம் இருந்தாலும் சரி, கடன் இருந்தாலும் சரி, அக்காவை எட்ட முடியாது. ஆகவே 'இரண்டும் சேர்ந்தால் போதும்'. யாரிடம் எத்தனை ரூபாய் என்று தெரியவே வேண்டாம்! நிச்சயமாக 'இல்லை' என்று முடிந்தாலும் அது போதுமான பதில்தான், தடுமாற்றம்தான் கூடாது.

பெரியது, சிறியது என்று காட்டும் கூர்முனைக் குறிகள் 1631-ல் தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயரின் நூலில் அச்சேறியவை. இந்தக் குறிகளிடம் ஜாக்கிரதை! 3, 2-ஐவிடப் பெரியது. இரண்டையும் கழித்தல் எண்ணால் பெருக்கினால் குறி திரும்பிவிடும்: 3 ரூபாய்க் கடன், 2 ரூபாய்க் கடனைவிடத் தாழ்ந்ததல்லவா? பின்னத்திலும் ஏமாற்றம் உண்டு. அரையின் வர்க்கம் கால், வளராமல் குறைகிறது.

உங்களுக்குக் கணக்கு வராவிட்டாலும் பாதகமில்லை. பிள்ளைகள் 'போதும்' என்று அவசரப்படும்போது மூன்றே கேள்வி கேளுங்கள்: "கடனாக இருந்தால்? பூஜ்யமானால்? அரையானால்?" மூன்றிலும் பதில் மாறாவிட்டால் காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். மாறினால், பரீட்சையில் போகவிருந்த மார்க் வீட்டிலேயே தப்பியது!