கரி காக்கும் துறைகள்

துறைமுகம் என்றதும் சரக்குக் கப்பலே நம் நினைவுக்கு வரும். இன்றோ ஆலைப்புகையில் பிரிக்கப்படும் கரியமிலவாயுவும் ஒரு சரக்காகிவிட்டது! நார்வே நாட்டுப் பிரேவிக் சிமெண்டு ஆலையின் வாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றுகின்றனர். ஓய்கார்டன் துறையில் இறக்கிக் குழாய்வழியே கடற்படுகைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்துப் பாறைக்குள் செலுத்துகின்றனர். இது 2025-இல் தொடங்கியது.

நம் சிப்பிகாட்டில் அத்தகைய துறை இல்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இங்கு நிலம் தாழ்ந்தது, கடல்நீர் புகுந்தது, விளைநிலங்களை இழந்தோம். அவ்வுவர்நீரிலேயே பின்னர் அலையாத்தி மரங்கள் வேரூன்றின. அவை காற்றின் கரியை உண்டு சேற்றில் சேர்க்கின்றன. பிராணவாயு குறைந்த அச்சேற்றில் கரி நெடுங்காலம் தங்கும். மரத்தை வெட்டிச் சேற்றைக் கிளறினாலோ, மீண்டும் காற்றில் கலந்துவிடும்.

இழந்த வயலுக்கு இது ஈடாகாது. எனினும், கடல் தந்த இக்கருவூலத்தைக் காப்பது நம் கடமையன்றோ?