டாக்டரிடம் சொன்னது சளி. அவர் காதில் விழுந்தது குளிர்!

மண்டி மொஹல்லாவில் மூட்டை தூக்கும் தமிழ்த் தொழிலாளி ஒருவர் டாக்டர் முன் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மைசூருக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. கடையில் பேரம் பேசும் அளவுக்குக் கன்னடம் வரும். “நாலு நாளா சளி, ஜுரம்” என்கிறார். டாக்டர் தலையாட்டிவிட்டுச் சீட்டில் எழுதிக்கொள்கிறார்.

இருவருக்கும் விஷயம் புரிந்துவிட்டதா? இல்லை.

தமிழில் சளி என்றால் மூக்கில் ஒழுகுவது, நெஞ்சில் கட்டுவது. கன்னடத்தில் ‘சளி’ என்றால் குளிர். ‘சளி ஜ்வரா’ என்றால் உடம்பு நடுங்க வரும் காய்ச்சல். மலேரியாவுக்கும் அந்தப் பெயர் உண்டு. மூக்கொழுகலுக்குக் கன்னடத்தில் ‘நெகடி’ என்று வேறு சொல் இருக்கிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் இரண்டு நோயைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

தெரிந்த மாதிரி ஒரு மொழி

மைசூரில் ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. மண்டி மொஹல்லாவிலேயே, ஊரார் மிஷன் ஆஸ்பத்திரி என்று அழைக்கும் ஹோல்ட்ஸ்வொர்த் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி 1906-ல் தொடங்கப்பட்டது. நடந்து போகும் தூரத்தில் ‘தொட்டாஸ்பத்ரே’ எனப்படும் கிருஷ்ணராஜேந்திரா ஆஸ்பத்திரி. 1924-ல் பெங்களூரில் ஆரம்பித்து 1930-ல் மைசூருக்கு வந்த மெடிக்கல் காலேஜைச் சேர்ந்தது அது. மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். நடுவில் நிற்பது பேச்சு.

தமிழும் கன்னடமும் ஒரே குடும்பம். நம் பால் அங்கே ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, பொழுது ‘ஹொத்து’. காது பழகியவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். ஆபத்து அந்தப் பாதியில்தான் இருக்கிறது. ஒன்றுமே புரியாதவர் யாரையாவது துணைக்குத் தேடுவார். பாதி புரிந்தவர் ‘ஹௌது, ஹௌது’ என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.

“ஏனு காயிலெ?” என்று டாக்டர் கேட்டால், என்ன நோய் என்று பொருள். காய்ச்சல் உண்டா என்று கேட்பதாக எண்ணி “இல்லை” என்று ஒருவர் சொல்லிவிட்டால், பல வருஷமாக இருக்கும் சர்க்கரை நோய் சீட்டில் ஏறாமலே போகலாம். “உசிரு கட்டுத்தா?” என்றால் மூச்சு அடைக்கிறதா என்று கேள்வி. கன்னட ‘உசிரு’ மூச்சு; தமிழ் உசிரு உயிர். பாட்டி ஒருத்தி அதைக் கேட்டுத் தன் உயிருக்கே ஆபத்து என்று கலங்கினால் அதில் ஆச்சரியம் என்ன?

பத்து வயதுத் துபாஷி

பல வீடுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையனையோ பெண்ணையோ ஒரு நாள் லீவு போடச் சொல்லிக் கூட்டிப்போவது. பிள்ளை நன்றாகத்தான் பேசும். ஆனால் தாய்க்கு உதிரப்போக்கு என்றால், பத்து வயது மகனிடம் அதை எப்படிச் சொல்வாள்? “வயிற்று வலி” என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். டாக்டர் வயிற்று வலிக்கு மருந்து எழுதுவார். அப்பாவுக்குப் புற்று என்றால் அதை அப்பாவிடம் சொல்ல வேண்டியதும் அந்தக் குழந்தைதான்.

அமெரிக்கா கற்ற பாடம்

இந்தச் சங்கடம் மைசூருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் மக்கள் ஏராளம். 1980-ல் ஃப்ளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். ‘இன்டாக்ஸிகாடோ’ என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் கருத்து. போதை மருந்து மிஞ்சிவிட்டது என்று டாக்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் மூளையில் ரத்தக் கசிவு. அது தெரிவதற்குள் காலம் கடந்துவிட்டது. இளைஞரின் கையும் காலும் செயலிழந்தன. ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டால் சுமார் 7 கோடி டாலர் வரும்படி நஷ்ட ஈடு முடிவானது. அன்று மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடவில்லை. இரு தரப்பும் புரிந்துவிட்டதாகவே நினைத்தன.

2003-ல் அங்கே வெளியான ஓர் ஆய்வில், ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் குழந்தைகளைக் காட்ட வந்த 13 சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். மொழிபெயர்ப்பில் 396 பிழைகள்! அவற்றில் நூற்றுக்கு 63 சிகிச்சையையே பாதிக்கக் கூடியவை. குடிக்க வேண்டிய மருந்தைக் குழந்தையின் காதுகளில் ஊற்றும்படி ஒரு தாயிடம் சொல்லப்பட்டது. மொழிபெயர்த்தவர்களில் 11 வயதுப் பிள்ளை ஒன்றும் உண்டு. பயிற்சி பெற்றவர்களும் தவறினார்கள். ஆனால் ஆபத்தான பிழைகள் மற்றவர்களிடமே அதிகம்.

என்ன செய்யலாம்?

நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்குப் புரியும்படி விளக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம் கூறுகிறது. ஆகவே கேட்பதில் கூச்சம் வேண்டாம். சீட்டு வாங்கும் இடத்திலேயே, தமிழ் தெரிந்த நர்ஸோ ஆயாவோ உண்டா என்று விசாரிக்கலாம்.

துணைக்குப் பெரியவர்களை அழைத்துப் போங்கள்; பெண்களுக்குப் பெண் துணை நல்லது. கூடப் போகிறவர் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். ‘ஊட்டா ஆத மேலே’ என்றால் சாப்பிட்ட பிறகு. ‘ஊட்டக்கே முஞ்சே’ என்றால் சாப்பாட்டுக்கு முன். எந்த மாத்திரை, எத்தனை வேளை என்பதை டாக்டரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் பாரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்குமுன் அதைத் தமிழில் சொல்லக் கேளுங்கள்.

பேரத்தில் ஒரு சொல் பிசகினால் இரண்டு ரூபாய் நஷ்டம். டாக்டர் முன்னால் பிசகினால் ஈடு செய்ய முடியாது. எனவே கன்னடத்தில் வேறு எதைக் கற்காவிட்டாலும் இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். “யாரிகாதரூ தமிளு பருத்தா?” – யாருக்காவது தமிழ் தெரியுமா? “அர்த்த ஆகலில்லா” – புரியவில்லை. இரண்டாவதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.