நான் சொல்லாமல் விட்ட மீதிக் கதை

காதலர் தினத்தன்று வானொலியில் இருவாச்சியைப் பற்றிப் பேசினேன். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, சேறு, எச்சம், உணவு மிச்சம் எல்லாவற்றையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் இருக்கும். ஆண் பறவை வாரக்கணக்கில் அதன் வழியாக அத்திப்பழம் ஊட்டும். “இப்படி ஒரு கணவர் யாருக்குக் கிடைப்பார்?” என்று கேட்டேன். குறுஞ்செய்திகள் குவிந்தன.

அடுத்த மாதம், பாசிர் ரிஸ் பூங்கா. வேலை இல்லாத ஞாயிறுகளில் என் ஏழு வயது மகளுடன் அங்குப் பறவை பார்க்கப் போவேன். நடைபாதையோரப் புதரில் ஒரு கொண்டைக்குருவிக் கூடு. வாலடியில் மஞ்சள் பூசியதுபோல் இருக்குமே, நம் புளோக்குகளின் கீழேகூடத் திரியுமே, அதேதான். கூட்டில் இரண்டு குஞ்சுகள். மகள் பெயரும் வைத்துவிட்டாள்: இட்லி, வடை.

அன்று காலை எட்டு மணி இருக்கும். தலைக்கு மேல் சிறகடிக்கும் ஓசை பலமாகக் கேட்டது. “அம்மா, உங்க இருவாச்சி!” என்று துள்ளினாள். நானும் ஆசையாகத் தொலைநோக்கியை எடுத்தேன்.

அது கிளை கிளையாக இறங்கி வந்து, புதருக்குள் அலகை விட்டது. தாயும் தந்தையும் கதறிக்கொண்டு அதன் முதுகில் மோதின. அது கண்டுகொள்ளவே இல்லை. ஒரு குஞ்சை எடுத்து, மேலே தூக்கிப் போட்டு விழுங்கியது.

“விரட்டுங்கம்மா!” மகள் என் கையை உலுக்கினாள். நான் அசையவில்லை. இயற்கையில் தலையிடக் கூடாது என்றெல்லாம் அப்போது நினைக்கவில்லை, திகைத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது குஞ்சை அது விழுங்கவில்லை. அலகு நுனியில் பிடித்தபடி மரங்களுக்கு மேல் பறந்துபோனது.

பக்கத்தில் நீண்ட கேமராவுடன் நின்ற சீன முதியவர் ஆங்கிலத்தில் சொன்னார்: “கொம்பு பெரிது, ஆண் பறவை. சாப்பிடாமல் கொண்டுபோகிறது என்றால், எங்கேயோ பொந்துக்குள் குடும்பம் காத்திருக்கும்.”

நான் புகழ்ந்த அதே கணவர்! பழம் மட்டுமல்ல, பூச்சி, பல்லி, முட்டை, பிற பறவைகளின் குஞ்சுகளும் அதன் உணவு. இது எனக்குத் தெரியும். அன்று சொல்லாமல் விட்டேன்.

சிங்கப்பூரில் நெடுங்காலம் காணாமல்போயிருந்த பறவை இது. 1994ல் புலாவ் உபினில் ஒரு ஜோடி தென்பட்டது. பிறகு செயற்கைக் கூடுகள் வைத்துப் பெருக்கினார்கள். இன்று புளோக் சன்னலிலேயே வந்து உட்காருகிறது. மகளிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “அதுக்கு வடை என்ன பண்ணுச்சு?” என்றாள். கொண்டைக்குருவியும் தன் குஞ்சுகளுக்குப் புழுதானே ஊட்டுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அந்த வாரமே வானொலியில் மீதிக் கதையைச் சொன்னேன். குறுஞ்செய்திகள் குறைவு. “காலங்காத்தால ஏன் இதெல்லாம்?” என்று ஒருவர் கேட்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பூங்காவுக்குப் போனோம். ஒரு கொண்டைக்குருவி ஜோடி வேறொரு புதருக்குள் காய்ந்த நார் கொண்டுபோனது. பழைய ஜோடிதானா, தெரியவில்லை. மகள் என்னைத் தள்ளியே நிறுத்தினாள்.

“எந்தப் புதர்னு ரேடியோல சொல்லிடாதீங்கம்மா.”